2021 ஜெர்மன் தேர்தலுக்கு முன் பசுமைக் கட்சி வைத்த இலக்குகள் அளவுக்கு மீறியவையா?

பெரிய இலக்குகள்தான், மறுக்கவில்லை. ஆனால் அவர்கள் சறுக்கியது அந்தப் பெரிய எண்களில் இல்லை. பெட்ரோல் லிட்டருக்கு 16 சென்ட் ஏறும் என்ற சின்ன எண்ணில். அந்தக் கோடையில் நான் ஜெர்மனியில் வேலையில் இருந்தேன். ஓட்டு கிடையாது, வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவுதான்.

தேர்தல் அறிக்கையில் இருந்தவற்றில் முக்கியமானவை: 2030-க்குள் பசுங்குடில் வாயுக்களை 1990 அளவிலிருந்து 70 சதவீதம் குறைப்பது. நிலக்கரி மின்நிலையங்களை, சட்டத்தில் இருந்த 2038 வரை காத்திராமல் 2030-லேயே மூடுவது. 2030 முதல் புகை விடாத புதிய கார்களுக்கு மட்டும் பதிவு. ஆட்டோபான் என்னும் அதிவேக நெடுஞ்சாலைகளில் மணிக்கு 130 கி.மீ. வேக வரம்பு. ஆண்டுக்கு 50 பில்லியன் யூரோ கூடுதல் முதலீடு. மணிக்கு 12 யூரோ குறைந்தபட்சக் கூலி.

70 என்றால் மிரட்சியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த ஆண்டு ஏப்ரலில் அரசியலமைப்பு நீதிமன்றம், காலநிலைச் சட்டம் 2030-க்குப் பிந்தைய சுமையை இளையவர்கள் தலையில் கட்டுகிறது என்று தீர்ப்பளித்தது. உடனே அப்போது ஆட்சியில் இருந்த மெர்க்கல் அரசே தன் இலக்கை 55-லிருந்து 65-க்கு ஏற்றிவிட்டது. மிச்சம் 5 புள்ளிதான் வித்தியாசம். கனவு காண்கிறார்கள் என்று கேலி செய்ய ஆளுங்கட்சிகளுக்கு வாயே இல்லை.

கேலிக்கு வேறு இடம் கிடைத்தது. பெட்ரோல், டீசல், வீட்டுச் சூடேற்றும் எரிவாயு இவற்றுக்கு ஜெர்மனியில் 2021 முதல் கார்பன் விலை உண்டு, அதாவது எரிந்து வெளியாகும் கார்பன் டை ஆக்சைடுக்கு டன் கணக்கில் ஒரு கட்டணம். தொடக்கத்தில் டன்னுக்கு 25 யூரோ. 2025-இல் 55 ஆகும் என்று அரசே சட்டத்தில் எழுதியிருந்தது. பசுமைக் கட்சி 2023-லேயே 60 கேட்டது. பெட்ரோல் 16 சென்ட் ஏறும் என்று அவர்களின் சான்ஸ்லர் (பிரதமர் போன்ற பதவி) வேட்பாளர் அன்னலேனா பேர்பாக் சொன்னதுதான் தாமதம், ஆளுங்கட்சிகள் இரண்டும் ஏழைகளுக்காகக் கொதித்தெழுந்தன.

ஒருநாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.4 கிலோ கார்பன் டை ஆக்சைடு. டன்னுக்கு 60 யூரோ என்றால் லிட்டருக்கு 14 சென்ட் சொச்சம், 19 சதவீத விற்பனை வரி சேர்த்தால் 17. அரசின் 55-க்கு அதே கணக்கு ஏறக்குறைய 15.7. ஆக, கொதித்தவர்களின் திட்டத்துக்கும் இவர்களின் திட்டத்துக்கும் இடையில் ஒன்றரை சென்ட்கூட இல்லை! இரண்டு ஆண்டு முன்பின், அவ்வளவே. இதை மேடையில் பளிச்சென்று சொல்ல ஆளில்லாமல் போனதுதான் எனக்கு இன்றும் புரியாத விஷயம்.

அதைவிட முக்கியமானது இன்னொன்று. வசூலாகும் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று எல்லோருக்கும் சமமாகத் திருப்பித் தரும் 'எனர்கீகெல்ட்', அதாவது எரிசக்திப் பணம், அதே அறிக்கையில் இருந்தது. பெரிய வீடு, பெரிய கார் வைத்திருப்பவர் அதிகம் எரிக்கிறார், அதிகம் கட்டுகிறார். திரும்ப வாங்குவதோ எல்லோரும் ஒரே தொகை. சராசரியாகப் பார்த்தால் வசதி குறைந்தவருக்கு லாபம். தினமும் 40 கி.மீ. கார் ஓட்டி வந்த என் சக ஊழியருக்கு 16 சென்ட் மனப்பாடம். திரும்பி வரும் பணம் பற்றி நான் சொல்லித்தான் தெரியும். "எப்போது வரும்? எந்தக் கணக்குக்கு வரும்?" என்று கேட்டார். நான் முழித்தேன். வரி எண்ணோடு வங்கிக் கணக்கை இணைத்து அரசு நேரடியாகப் பணம் போடும் ஏற்பாடே அப்போது அந்த நாட்டில் கிடையாது. காசு போகும் வழி பெட்ரோல் பங்கில் பலகையாகத் தொங்குகிறது, வரும் வழி காகிதத்தில் மட்டும் என்றால் யார் நம்புவார்கள்?

இதே கட்சி 1998-இல் மாக்டெபுர்க் மாநாட்டில் பெட்ரோலைப் படிப்படியாக லிட்டருக்கு 5 மார்க் (யூரோவுக்கு முந்தைய ஜெர்மன் பணம்) ஆக்குவோம் என்று தீர்மானம் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டது. 23 ஆண்டுகள் கழித்தும் அதே பள்ளம்.

விலை மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். பேர்பாக்கின் வாழ்க்கைக் குறிப்பில் இருந்த பிழைகளும் அவர் புத்தகத்தைச் சுற்றிய சர்ச்சையும் சேர்ந்தே இழுத்தன. ஜூலை வெள்ளத்தில் 180-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலநிலையைப் பேசிய கட்சிக்கு அது ஓட்டாகவும் மாறவில்லை. மே மாதக் கருத்துக்கணிப்புகளில் முதலிடம். செப்டம்பர் 26 அன்று 14.8 சதவீதம். ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தல்களில் அதுவரை அவர்களுக்கு அதுவே உச்சம் என்பது வேறு விஷயம்.

பிறகு பசுமைக் கட்சியும் சேர்ந்த கூட்டணி ஆட்சியில் 12 யூரோ கூலி 2022 அக்டோபரில் வந்தது. வேக வரம்பு பேச்சுவார்த்தையிலேயே செத்தது. நிலக்கரிக்கு 2030 என்பதன் முன்னால் 'முடிந்தால்' என்ற பொருளில் ஒரு சொல் ஒட்டிக்கொண்டது. எனர்கீகெல்ட் 'கிளீமாகெல்ட்', அதாவது காலநிலைப் பணம், என்று பெயர் மாறிக் கூட்டணி ஒப்பந்தத்தில் ஏறியது. 2024 நவம்பரில் கூட்டணி உடையும்வரை யார் கணக்குக்கும் வரவில்லை. நியாயமாகச் சொன்னால், புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காகக் கட்டணத்தில் வசூலித்த கூடுதல் தொகையை 2022 ஜூலையில் நீக்கினார்கள், அதுவும் ஒருவகையில் திருப்பித் தந்ததுதான். ஆனால் உக்ரைன் போரால் எரிசக்தி விலை ஏறிக்கொண்டிருந்த நேரம், பில்லில் அது கண்ணில் படவே இல்லை.

கார்பன் விலையோ போரால் ஓராண்டு நின்று, பிறகு மெல்ல ஏறி, 2025 ஜனவரியில் 55 யூரோ ஆனது. மெர்க்கல் அரசு எழுதிவைத்துப் போன அதே 55.