கருவை மண்டிய ஆறு ஏக்கர்

அன்புள்ள ஐயா,

திருப்புல்லாணி பக்கம் எங்களுக்கு ஆறு ஏக்கர் இருக்கிறது. அப்பா போனபிறகு பதினைந்து வருஷமாகத் தரிசு, முழுக்கச் சீமைக்கருவை மண்டிவிட்டது. இங்கிலாந்தில் நெப் என்ற பண்ணையை இயற்கையிடமே விட்டுவிட்டார்கள் என்று படித்தேன். நாங்களும் அப்படியே விட்டுவிடலாமா? அப்பா உழுத நிலம் என்பதுதான் உறுத்துகிறது.

ஒரு வாசகர், ராமநாதபுரம்

அன்புள்ள நண்பருக்கு,

நெப் பண்ணை 3,500 ஏக்கர். உழவை நிறுத்திய பிறகு மாடு, மட்டக்குதிரை, பன்றி, மான் எல்லாம் கொண்டுவந்து மேயவிட்டார்கள். பன்றி மண்ணைக் கிளறியது, மாடு புதரைக் கடித்தது, பலவகைச் செடிகளுக்கு இடம் கிடைத்தது. அங்கிருந்து இன்றும் இறைச்சி விற்பனைக்குப் போகிறது.

நம் மண்ணில் அந்த மேய்ச்சலே எதிராகத் திரும்பும். சீமைக்கருவை நெற்றைத் தின்ற ஆடு போகிற இடமெல்லாம் விதையைப் போட்டுவிட்டு வரும். வெள்ளைக்காரர் காலத்தில் வந்த அந்த மரம் இப்படித்தான் ஊரை வளைத்தது. சும்மா விட்டால் உங்கள் ஆறு ஏக்கரிலும் கருவை மட்டும்தான் நிற்கும்.

வெட்டினால் தூரிலிருந்து தழையும். மழையில் மண் இளகியதும் வேரோடு பறியுங்கள், வருஷத்துக்கு ஒரு ஏக்கர் போதும். கட்டையைக் கரிமூட்டக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். அப்புறம் முளைக்கிற கன்றுகளைத் தவறாமல் பிடுங்க வேண்டும். அதற்கு ஆள் இருக்கிற வருஷத்தில் மட்டும் ஆடு மேய்க்கிற கீதாரியை எருவுக்காகக் கிடை போடச் சொல்லுங்கள்.

ஆறு ஏக்கரையும் காட்டுக்கு விட வேண்டாம் என்பேன். கண்மாய்த் தண்ணீர் பாய்கிற பக்கம் நெல்லும் குண்டுமிளகாயும் இருக்கட்டும். உவர் பூத்த துண்டு இருந்தால் அங்கே பனை, குடைவேல், உகாய் வரட்டும்.

உங்கள் உறுத்தலுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போயிருக்கிறீர்களா? ராம்சார் என்கிற உலக ஈரநிலப் பட்டியலில் சேர்ந்த பறவைச் சரணாலயங்கள். இரண்டுமே பாசனக் கண்மாய்கள்தான். உள்ளே நிற்கிற நாட்டுக் கருவேல மரங்களில் நாரைகள் கூடு கட்டுகின்றன, எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரமாகப் பாய்கிறது. உழுகிற சம்சாரி வெட்டிய கண்மாய்க்குத்தான் அத்தனை பறவையும் வருகிறது. மார்கழியில் ஒருநாள் கரையில் நின்று பாருங்கள், உங்கள் அப்பா செய்த வேலையும் இதைச் சேர்ந்ததுதான் என்று தோன்றும்.

ஐப்பசி மழை விழுந்ததும் எழுதுங்கள். என்னிடம் குடைவேல் நெற்று கொஞ்சம் இருக்கிறது, அனுப்பிவைக்கிறேன்.