கூட்டுப் பட்டா வயலை அண்ணன் மட்டும் விற்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கம் அப்பா சொந்தமாக வாங்கிய வயல். உயில் இல்லை, வாரிசு அம்மா, அண்ணன், நீங்கள். கூட்டுப் பட்டாவில் அண்ணன் பெயர்தான் முதலில் இருக்கிறது என்கிறீர்கள்.

முழு வயலையும் அவர் விற்க முடியாது. பட்டா வெறும் வருவாய்த்துறைப் பதிவு. முதல் பெயருக்குத் தனிச் சலுகை கிடையாது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவருக்கும் சமபங்கு, கல்யாணமாகிப் போன மகளுக்கும் சேர்த்துத்தான். ஆனால் எந்த வரப்புக்குள் யார் பங்கு என்பது இன்னும் பிரியவில்லை. அண்ணன் தன் பிரிபடாத பங்கை மட்டும் விற்கலாம். விவரம் தெரிந்தவர் அதை வாங்கத் தயங்குவார், பாகப்பிரிவினை வழக்கு தலையில் விழுமே! அப்படி விற்கக் கிளம்பினால், 22-ஆம் பிரிவின்படி அதை வாங்கும் முன்னுரிமை உங்களுக்கும் அம்மாவுக்கும் உண்டு.

பூர்வீகச் சொத்தென்றால் கணக்கு வேறு. 2005 திருத்தத்துக்கு அப்புறம் மகளும் பிறப்பாலேயே பங்காளி.