படக்கதை வாசித்துக் காட்டுவது: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

காரைக்குடியில் எங்கள் பழைய வீட்டு வளவில், சனிக்கிழமை சாயங்காலம் மூன்று முதல் ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் படப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறேன். இந்த வாரம் வந்த கேள்விகளுக்குப் பதில் இதோ.

அக்கா, என் மகளுக்கு மூணரை வயசு. நாலு பக்கம் தாண்டுறதுக்குள்ள எந்திரிச்சு ஓடிடுறா. எப்படி உட்கார வைக்கிறது? (தேவகோட்டை)

உட்கார வைக்கவே வேண்டாம்மா, தூணைச் சுற்றிக்கொண்டே கேட்கட்டும், காது இங்கேதான் இருக்கும். ஒரே வரி திரும்பத் திரும்ப வருகிற புத்தகமாக எடுத்து, அந்த வரியை அவளிடமே கொடுத்துவிடுங்கள். நீங்கள் நிறுத்தியதும் அவள் சொல்ல வேண்டும். தன் முறை வருகிறது என்று தெரிந்தால் பக்கத்திலேயே நிற்பாள்.

ஆட்டுக்குட்டி தன் கழுத்து மணியைத் தேடுற படக்கதை வச்சிருக்கேன். பன்னிரண்டு பிள்ளைங்க. என்னென்ன செய்ய வைக்கலாம்? (அங்கன்வாடி ஆசிரியை, கோவிலூர்)

முதலில் நீங்கள் தனியாக இரண்டு தடவை வாசித்து, எங்கே நிறுத்துவது என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்ளுங்கள். மூன்று இடம் போதும், அதுவும் பக்கம் திருப்புவதற்குச் சற்று முன். "மணி எங்க இருக்கும்?" என்று கேட்டுவிட்டு மனசுக்குள் ஐந்து வரை எண்ணுங்கள். நாமே பதில் சொல்லிவிடுவதுதான் எல்லாரும் செய்கிற தப்பு. என்னிடம் ஒரு பொடியன் "கொட்டானுக்குள்ள!" என்றான் (கொட்டான் என்றால் எங்கள் பக்கத்துப் பனையோலைக் கூடை). புத்தகத்தில் அப்படி இல்லை. ஆனாலும் "பனையோலைக் கொட்டானுக்குள்ளயா, யாரு போட்டிருப்பா?" என்று அவன் சொன்னதையே கொஞ்சம் நீட்டிக் கேட்டேன், அதுவரை வாயே திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். 1988-ல் அமெரிக்காவில் வைட்ஹர்ஸ்ட் என்பவரும் அவர் குழுவும், இப்படிக் கேட்டும் நீட்டியும் வாசிக்கப் பெற்றோருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நான்கே வாரத்தில் இரண்டு வயதை ஒட்டிய அந்தப் பிள்ளைகளின் பேச்சு நன்றாக முன்னேறியிருந்தது.

அப்புறம் விளையாட்டு. அது கதைக்குள்ளிருந்தே வரணும். வாசித்து முடித்ததும் ஆத்தங்குடிக் கல் தரையில் நாலு கொட்டானைக் கவிழ்த்து, ஒன்றுக்குள் நிஜ மணியை வைத்தேன். கண்ணை மூடிய பிள்ளைகள், நான் ஒவ்வொன்றாக அசைக்க அசைக்க, சத்தம் எந்தக் கொட்டானிலிருந்து வருகிறது என்று கை நீட்டினார்கள். ஆட்டுப் படத்துக்கு வண்ணம் தீட்டச் சொல்வதை நான் விட்டுவிட்டேன், அதைச் செய்யக் கதையே கேட்டிருக்க வேண்டியதில்லை.

சிங்கப்பூர்ல இருந்து பேரன் வந்திருக்கான். தமிழ் புரியுது, பேச மாட்டேங்கிறான். (கானாடுகாத்தான்)

ஆச்சி, தமிழில் சொல்லு என்று மட்டும் வற்புறுத்தாதீங்க. அவன் இங்கிலீஷில் சொன்னதை நீங்க தமிழில் திருப்பிச் சொல்லிட்டு அடுத்த பக்கம் போங்க. விரலால் காட்டுவது, ஆடு மாதிரி கத்துவது எல்லாமே பதில்தான். லீவு முடியும்வரை அதே புத்தகத்தைத் தினமும் எடுங்க.

தமிழ்ப் படக்கதை எங்க கிடைக்கும்?

ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாகவே நிறைய இருக்கின்றன. நடுவில் பாட்டு வேண்டுமென்றால் நம்ம இராயவரத்து அழ. வள்ளியப்பா இருக்கவே இருக்கிறார்.

ஆறு வயசுக்காரன் ஒருத்தன் எல்லாத்துக்கும் முந்திப் பதில் சொல்லிடுறான், சின்னதுங்க பேசவே முடியலை.

அவனைப் பக்கம் திருப்ப வையுங்கள். மணியை ஒளித்து வைக்கிற வேலையும் அவனுக்கே. எங்கே இருக்கிறது என்று தெரிந்தும் சொல்லாமல், இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பான் பாருங்கள்.