பஸ்ஸை யார் ஓட்டுவது?

கேள்வி: 2011இல் பெருநிறுவனங்களின் பேராசையையும் ஏற்றத்தாழ்வையும் எதிர்த்து நியூயோர்க் பூங்காவொன்றில் இளைஞர்கள் கூடாரம் அடித்தபோது, தொழிற்சங்கங்களும் அவர்களோடு ஊர்வலம் போனதாகப் படித்தேன். சங்கம் என்றால் உறுப்பினரின் சம்பளத்தையும் லீவையும் பார்க்க வேண்டும். ஊராரின் போராட்டத்துக்குக் கொடி பிடிப்பது அதன் வேலையா?
– வாசகர் ஒருவர், கொக்குவில்

பதில்: சரி, சம்பளத்தையே பார்ப்போம். கோடீஸ்வரன் என்ற அரசாங்க எழுதுவினைஞரைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சிங்களத் தேர்ச்சிப் பரீட்சைக்குத் தோற்ற மறுத்ததால் அவருடைய வருடாந்தச் சம்பள உயர்வு நிறுத்தப்பட்டது. அந்தச் சில ரூபாய்க்காக அவர் போட்ட வழக்கு, தனிச் சிங்களச் சட்டத்தையே கூண்டில் ஏற்றி, 1969இல், அன்று நம் நாட்டு வழக்குகளுக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அதில் சம்பளம் எது, அரசியல் எது என்று பிரித்துக் காட்டுங்கள். ஓராண்டுச் சந்தா இலவசம்.

இனி நியூயோர்க். செப்டெம்பர் 17ஆம் திகதி சுக்கோட்டி பூங்காவில் போய் உட்கார்ந்தவர்களில் பலருக்குச் சங்கம் இல்லை, சிலருக்கு வேலையே இல்லை. ஒக்டோபர் 1ஆம் திகதி புரூக்லின் பாலத்தில் ஏறத்தாழ 700 பேரைப் பொலிஸார் கைது செய்தார்கள். ஏற்றிச் செல்ல நகர பஸ்களைச் சாரதிகளோடு சேர்த்தே பிடித்துக்கொண்டார்கள். உடனே போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் 100ஆம் கிளை நீதிமன்றத்துக்குப் போனது. எங்கள் சாரதிகள் பொலிஸாரின் ஏவலாளர்கள் அல்லர் என்பது வாதத்தின் சாரம். நீதிபதி தடையுத்தரவு தரவில்லை. ஆனால் 5ஆம் திகதி ஆசிரியர்கள், தாதியர், போக்குவரத்துத் தொழிலாளர் என்று ஆயிரக்கணக்கானோர் அந்த இளைஞர்களோடு வீதியில் இறங்கினார்கள்.

இதே கிளைதான் 2005 டிசம்பரில் மூன்று நாள் வேலைநிறுத்தம் செய்தது. அரச ஊழியர் வேலைநிறுத்தத்தைத் தடுக்கும் மாநிலச் சட்டத்தின் கீழ் 25 இலட்சம் டொலர் தண்டம், தலைவருக்குச் சிறை. தனித்து நின்று வாங்கிய அடி அது. ஆறு வருடம் கழித்து இன்னொருவர் அடி வாங்கும்போது அவர்களால் சும்மா இருக்க முடியாமற்போனதில் எனக்கு வியப்பில்லை.

நம் நாட்டிலும் அந்தக் கணக்கு உண்டு. 1980 ஜூலையில் மாதம் 300 ரூபா கூட்டித் தரச் சொல்லி வேலைநிறுத்தம் செய்தவர்களில் 40,000 பேருக்கு மேற்பட்டோரை ஜே. ஆர். ஜயவர்தனாவின் அரசாங்கம் வீட்டுக்கு அனுப்பியது. அவர்கள் வாசலில் நிற்க, வேலைநிறுத்தத்தில் சேராத சங்கங்களின் ஆட்கள் உள்ளே வேலைக்குப் போனார்கள். உறுப்பினரின் சம்பளத்தை மட்டும் பார்த்த சங்கங்கள்தான் அவையும்.

ஊராரின் போராட்டம் என்கிறீர்கள். நீங்கள் தனியார் துறையில் இருந்தால் உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம் ஊழியர் சேமலாப நிதிக்குப் போகிறது. 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது அந்த நிதியின் கையிலிருந்த திறைசேரி முறிகளை, அதாவது அரசாங்கம் கடனுக்குக் கொடுத்த பத்திரங்களை, குறைந்த வட்டிக்கு மாற்றினார்கள். வங்கிகளின் கையிலிருந்தவற்றைத் தொடவில்லை. ஊரார் எங்கே முடிந்து நீங்கள் எங்கே தொடங்குகிறீர்கள்?

இவ்வளவும் சொன்னதால் நம் சங்கங்களுக்கு நான் வெள்ளையடிக்கிறேன் என்று எண்ண வேண்டாம். யாழ்ப்பாணத்தில் ஹர்த்தால் என்றால் கட்சிகள் அறிவிக்கும், முதலாளிகள் கதவைச் சாத்துவார்கள், மறுநாள் பத்திரிகையில் வெறிச்சோடிய வீதியின் படம் வரும். புடைவைக் கடையில் காலையிலிருந்து இரவு வரை நின்று சேலை விரிக்கும் பிள்ளைக்கு அன்றைய சம்பளம் உண்டா, அவள் பெயரில் சேமலாப நிதி கட்டப்படுகிறதா, உட்கார ஒரு ஸ்டூலாவது இருக்கிறதா என்று மே தின மேடையில் முழங்குபவர்கள் கடைக்குள் போய்க் கேட்டதை நான் கண்டதில்லை. நியூயோர்க்குக்கு வாழ்த்துத் தீர்மானம் நிறைவேற்றுவது சுலபம். யாழ்ப்பாணத்துக் கடைகள் இருக்கும் கஸ்தூரியார் வீதிக்கு நடந்து போவதுதான் தூரம்.

இந்தப் பக்கத்தின் எழுத்துப்பிழை திருத்திய தம்பி, “ஐயா, எங்கள் அச்சகத்திலும் சங்கம் இல்லையே” என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி அனுப்பியிருக்கிறார். அதையும் சேர்த்தே அச்சிடச் சொல்லிவிட்டேன்.