மாவுப்பூச்சிக்குள் இருந்து குளவி வருகிறது, மருந்து அடிக்கலாமா?

கேள்வி: மரவள்ளியில் மாவுப்பூச்சி. இரண்டு வாரமாகச் சில பூச்சிகள் மாவு உதிர்ந்து, உப்பி, பழுப்பாகக் காய்ந்து கிடக்கின்றன. ஒரு முனையில் ஓட்டை. பக்கத்தில் எள்ளைவிடச் சின்னக் குளவிகள் ஓடுகின்றன. படம் அனுப்பியிருக்கிறேன். இது புது இனமா? கடைக்காரர் இரண்டுக்கும் சேர்த்து மருந்து அடிக்கச் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: அடிக்காதீர்கள். மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, அந்த ஓட்டை வழியாக வந்ததுதான் குளவி. உங்களைக் கொட்டாது. மருந்தில் முதலில் சாவது அதுதான். மெழுகுப் பூச்சுக்குள் இருக்கும் மாவுப்பூச்சி தப்பித்துப் பெருகிவிடும். இரண்டையும் சேர்த்துக் கொல்லச் சொன்னவருக்கு இரண்டையுமே தெரியாது.

புது இனமா என்று படத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. கண்ணாடித் தகட்டில் ஏற்றி, உணர்கொம்பின் கணுக்களையும் இறக்கை மயிர்களையும் நுண்ணோக்கியில் பார்த்து, ஏற்கெனவே பெயரிட்ட இனங்களின் மூல மாதிரிகளோடு (பெயரிட்டபோது ஆதாரமாக வைத்த பூச்சிகளோடு) ஒப்பிட வேண்டும். புழுக்களின் முட்டைக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவியான டிரைக்கோகிராமா இன்னும் மோசம், அரை மி.மீ.தான். இனம் பிரிக்க ஆணின் பிறப்புறுப்பைப் பார்க்க வேண்டும் என்று பூச்சியியலாளர்கள் நகர்கட்டியும் நாகராஜாவும் 1971இல் காட்டினார்கள். அதனால்தான், இனப்பெயர் எழுதாத ஒட்டுண்ணி அட்டையை (இந்தக் குளவி வளரும் முட்டைகளை ஒட்டி, வயலில் கட்ட விற்கும் அட்டையை) வாங்கவே கூடாது என்கிறேன். எந்தப் புழுவின் முட்டைக்கு என்று தெரியாமல் கட்டிவிட்டு என்ன பயன்?

பெயர் தப்பினால் என்ன ஆகும் என்பதற்கு உங்கள் பயிரே சாட்சி. 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை ஒரு மாவுப்பூச்சி அழித்தது. அதுவேதான் என்று நினைத்து, தென் அமெரிக்காவின் வடபகுதியில் கிடைத்த பூச்சியிலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொண்டுபோனார்கள், எடுபடவில்லை. அது வேறு இனம்! உண்மையான பூச்சி 1981இல் பராகுவேயில் கிடைத்தது. கூடவே கிடைத்த அனகைரஸ் லோபெசி குளவிதான் பயிரைக் காப்பாற்றியது.

சரி, நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, குளவியை இனம் காண எப்படிப் பிடித்து அனுப்புவது என்று. உப்பிப் பழுப்பாகக் காய்ந்த மாவுப்பூச்சிக் கூடுகளில் ஓட்டை விழாதவையாகப் பார்த்து எடுங்கள். ஒரு குழாயில் ஒன்றே ஒன்று. கலந்தால் எது எதிலிருந்து வந்தது என்று தெரியாது. பஞ்சால் அடைத்து நிழலில் வையுங்கள். குளவி வந்ததும் 95 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், காலிக் கூட்டையும் சேர்த்து. அப்புறம் பயிர், பூச்சி, இடம், தேதி எல்லாவற்றையும் ஒரு துண்டுத்தாளில் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்கள். பேனா மை கரைந்துவிடும். ஒன்றிரண்டு போதாது. ஆணும் பெண்ணும் கிடைக்கும்படி இருபது கூடாவது எடுங்கள்.