வண்டி கேள்வி–பதில்: எரியாமல் சிமிட்டும் 4x4 விளக்கு

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய டீசல் 4x4 வேன், வேக்குவமில் (காற்றை உறிஞ்சும் விசையில்) முன் ஆக்சில் இணையும் வகை. 4எச் (நான்கு சக்கரமும் இழுக்கும் நிலை) போட்டால் விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. சேற்றில் முன்சக்கரம் இழுப்பதில்லை. டிரான்ஸ்ஃபர் கேஸைப் (என்ஜின் விசையை முன், பின் ஆக்சில்களுக்குப் பகிரும் கியர்பெட்டி) பிரிக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். பிரிக்கலாமா?
– வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: அவசரப்படாதீர்கள். பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, முன்சக்கரம் இரண்டையும் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். என்ஜினை ஓடவிட்டு, நியூட்ரலில் 4எச் போட்டு, சற்றுப் பொறுத்து என்ஜினை அணைத்துவிட்டு முதல் கியரில் விடுங்கள். முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டை (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து முன் ஆக்சிலுக்குப் போகும் தண்டு) கையால் திருப்புங்கள். தாராளமாகச் சுற்றினால்தான் கோளாறு டிரான்ஸ்ஃபர் கேஸில். அது பிடித்து நின்றால், ஒரு முன்சக்கரத்தைச் சுற்றுங்கள். மற்றது எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். சுற்றவில்லையா? ஆக்சில் இணையவில்லை.

பெரும்பாலும் குற்றவாளி வேக்குவம் டியூப்தான். என்ஜின் சூட்டில் காய்ந்து, முனையில் வெடித்திருக்கும். டியூப் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஜே.சி. ரோட்டு உதிரிபாகக் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பிறகு ஆக்சுவேட்டரில் (வேக்குவமில் நகர்ந்து ஆக்சிலை இணைக்கும் பாகம்) கை வேக்குவம் பம்பை மாட்டி இழுங்கள்: பம்பின் முள் ஒரு நிமிடம் இறங்காமல் நிற்க வேண்டும். இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது. சாலினாய்டு வால்வுக்கு (வேக்குவம் வழியைத் திறந்து மூடும் மின்வால்வு) நேரடியாக 12 வோல்ட் கொடுத்தால் 'டிக்' சத்தம் வர வேண்டும்; சத்தம் வந்தாலும் உள்ளே அழுக்கு அடைத்திருக்கலாம், ஊதிப் பாருங்கள்.

சக்கரச் சோதனை சரியாக இருந்தும் விளக்கு சிமிட்டினால், ஆக்சிலிலுள்ள சுவிட்சையும் வயரையும் மல்டிமீட்டரில் பாருங்கள்.

இந்தச் சோதனைகளைக் காய்ந்த தார்ச்சாலையில் 4எச் போட்டு ஓட்டிச் செய்யவே கூடாது. திருப்பங்களில் கியர்கள் முறுக்கேறி லீவர் இறுகிவிடும்.