பங்குனி ஆமையும் ஊர்க் கரையும்: கேள்வி பதில்

தை பிறந்தால் கூட்டப்புளி முதல் கூடுதாழை வரை நம் திருநெல்வேலிக் கரையில் பங்குனி ஆமை என்னும் கடலாமை முட்டையிட ஏறும். கூடவே சண்டையும் ஏறும். வனத்துறை கூட்டைச் சுற்றிக் கயிறு கட்டும், படகுக்காரர் வழி கேட்பார், வெளியூர்க்காரர் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கோயில் விளக்கை அணைக்கச் சொன்னால் ஊர்க்கூட்டம் கூடும். வந்த கேள்விகளில் ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி (உவரி, பைபர் படகு வைத்திருப்பவர்): அண்ணாச்சி, இன்னைக்கு முட்டை கெடக்குன்னு கயித்தக் கட்டுதாங்க. நாளைக்கு இது சரணாலயம், படக ஏத்தாதன்னு சொல்ல மாட்டாங்கன்னு என்ன நிச்சயம்?

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது அண்ணாச்சி. ஆனால் மூன்று தனித்தனி விஷயங்களை ஒன்றாகக் கலக்கிப் பேசுவதால்தான் பயம் பெரிதாகிறது.

1986இல் அறிவித்த மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்பது ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் நடுவே உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும். நம் கரை அதில் இல்லை. 1989இல் அறிவித்த உயிர்க்கோளக் காப்பகம் 10,500 சதுர கிலோமீட்டர், கன்னியாகுமரி வரை வரும். நாம் அதற்குள் இருக்கிறோம். ஆனால் காப்பகம் என்ற அந்தப் பெயருக்காக யாரும் படகைத் தடுக்க முடியாது. மூன்றாவது, கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை. ஆமை முட்டையிடும் கரையை அது மிகக் கவனமாகக் காக்க வேண்டிய 1ஏ வகையில் வைக்கிறது. அதன் பிடி கட்டடத்தின் மேல்தான். ரிசார்ட் கட்ட வருகிறவர்தான் அதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டும்.

ஆமைக்கான சட்டம் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், முதல் அட்டவணை. முட்டையை எடுப்பதும் கூட்டைக் கலைப்பதும்கூட அதன்படி ‘வேட்டை’தான். 3 முதல் 7 ஆண்டு சிறை, குறைந்தது 25,000 ரூபாய் அபராதம். இந்தப் பாதுகாப்பு ஆமையோடும் முட்டையோடும் போகிறது. குஞ்சு கடலுக்குப் போய்விட்டால் அந்த இடம் பழையபடி உங்கள் படகுத்துறை.

ஆகவே கயிறே வேண்டாம் என்று நிற்காதீர்கள். அதன் அளவை எழுத்தில் கேளுங்கள்: எத்தனை மீட்டர், எந்தத் தேதி தொடங்கி எந்தத் தேதி வரை, படகு ஏற எந்தப் பக்கம் வழி. ஒரு கூட்டுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர், 60 நாள் போதும். அதற்குமேல் கேட்டால் காரணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

கேள்வி (பாளையங்கோட்டை, கல்லூரி மாணவர்): சார், அமெரிக்காவுல கடல்நாய்க்காக ஒரு பீச்சையே மூடிட்டாங்களாமே? இங்கயும் அப்படி மூடினா என்ன?

பதில்: தம்பி சொல்வது சான் டியகோ நகரத்து லா ஹோயாவில் உள்ள ‘குழந்தைகள் குளம்’. பிள்ளைகள் அலை அடிக்காமல் குளிக்கட்டும் என்று 1931இல் கல்சுவர் எழுப்பினார்கள். சுவருக்கு உள்ளே மணல் சேர்ந்தது. 1990களில் கடல்நாய்கள் அந்த மணலில் படுத்து இளைப்பாறவும் குட்டி போடவும் தொடங்கின. கரை பிள்ளைகளுக்கா, கடல்நாய்க்கா என்று ஊர் இரண்டுபட்டது. மணலைத் தோண்டி எடுத்துப் பழைய குளமாக்கச் சொல்லி 2005இல் ஒரு தீர்ப்பு, கடல்நாய்க்கும் அங்கே இடம் தரலாம் என்று 2009இல் மாநிலச் சட்டத் திருத்தம், நடுவே கயிறு கட்டுவதும் தாண்டுவதும். கடைசியில் 2014இல் டிசம்பர் 15 முதல் மே 15 வரை, குட்டி போடும் ஐந்து மாதமும் மணலில் இறங்கக் கூடாது என்று நகராட்சி முடிவெடுத்தது. 2018இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது.

கயிறு வெறும் வேண்டுகோளாக இருந்தவரை அங்கே தினமும் தகராறு. தாண்டினால் குற்றமா இல்லையா என்றே யாருக்கும் தெளிவில்லை. இதை நாம் கவனிக்க வேண்டும். ஆனால் கரையை மூடுவது நமக்குப் பொருந்தாது. கடல்நாய்க்குப் பட்டப்பகலில், தினமும், அதே இடம் வேண்டும். ஆள் கிட்டே போனால் கூட்டமாகக் கடலுக்கு ஓடும், குட்டி தாயைப் பிரியும். பங்குனி ஆமை இரவில் ஏறி, சுமார் ஒரு மணி நேரத்தில் குழி தோண்டி, முட்டையிட்டு, மூடிவிட்டுப் போய்விடும். ஒரு பருவத்தில் ஒன்று முதல் மூன்று தடவைதான் வரும். அந்த ஒரு மணி நேரத்துக்கு ஐந்து மாதம் கரையைப் பூட்டச் சொன்னால், மீன்பிடி ஊரில் ஆமைக்கு நாமே பகையாளியைத் தேடிக் கொடுக்கிறோம்.

(நம் கடலில் கடல்நாய் கிடையாது. தாமிரபரணியில் இருப்பது நீர்நாய், அது வேறு.)

கேள்வி (இடிந்தகரை): முட்டைய எடுத்து பொரிப்பகத்துல வைக்கது நல்லதா, போட்ட எடத்துலயே விடணுமா?

பதில்: விட முடிந்தால் விடுங்கள். அலை ஏறும் இடம், நாய் நடமாட்டம், டிராக்டர் ஓடும் வழி, இந்த மூன்றில் ஒன்று இருந்தால்தான் எடுக்க வேண்டும். எடுப்பது வனத்துறை அனுமதி பெற்றவர் வேலை. நல்லெண்ணத்தோடு எடுத்தாலும் அனுமதி இல்லையென்றால் குற்றம்தான்.

முதலில் யார் வந்து போனது என்று தடம் பாருங்கள். பங்குனி ஆமையின் தடம் 70 முதல் 80 சென்டிமீட்டர் அகலம், இடது வலது மாறி மாறி விழுந்திருக்கும். ஒரு மீட்டருக்கு மேல் அகலமாக, இரு பக்கமும் ஒன்றுபோல் இருந்தால் பேராமை.

எடுப்பதென்றால் முட்டையிட்ட 6 மணி நேரத்துக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. காரணம் இதுதான்: சில மணி நேரத்தில் கரு முட்டையின் மேல்பக்க உள்ளோட்டில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் முட்டையைப் புரட்டினால் கரு அறுந்து சாகும். வெளியே பார்க்க முட்டை நன்றாகவே இருக்கும், 50 நாள் கழித்துத் திறந்தால்தான் குட்டு வெளிப்படும். பொரிப்பு விகிதம் படுத்துவிட்டது என்று மணலைக் குறை சொல்கிற இடங்களில் பெரும்பாலும் தப்பு இங்கேதான் நடந்திருக்கும். எடுக்கும்போது எது மேல்பக்கமாக இருந்ததோ அது மேல்பக்கமாகவே வாளிக்குள் போகட்டும். வாளி அடியில் கூட்டின் ஈர மணலைப் போடுங்கள். பைக்கில் குலுக்கிக்கொண்டு போகாமல் நடந்து கொண்டுபோங்கள்.

ஒரு கூட்டில் 100 முதல் 120 முட்டை இருக்கும். பொரிப்பகக் குழி 45 சென்டிமீட்டர் ஆழம், நம் வீட்டுச் செம்பைப் போல கழுத்து குறுகி வயிறு அகன்று இருக்க வேண்டும். நேர்க்குழாய் மாதிரி தோண்டினால் முட்டைகளுக்கு நடுவே காற்று சரியாகப் போகாது. குழிக்குக் குழி ஒரு மீட்டர் இடைவெளி. பட்டியலில் முட்டையிட்ட தேதியும் முட்டை எண்ணிக்கையும் எழுதுங்கள். வேலி அலை ஏறாத மேட்டில் இருக்கட்டும். போன வருடம் பொரித்த அதே மணலில் இந்த வருடமும் புதைத்தால் பூஞ்சையும் பாக்டீரியாவும் காத்திருக்கும். இடத்தை மாற்றுங்கள்.

இனி நம் கரைக்கே உரிய தொல்லை. கருமணல் வெள்ளை மணலைவிடச் சூடு ஏற்கும். ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட்டின் சூடுதான் முடிவு செய்கிறது. 29, 30 டிகிரி வாக்கில் இரண்டும் கலந்து வரும், அதற்கு மேல் போகப் போகப் பெண்ணே மிகும். 34ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் கரு செத்துவிடும். ஆகவே 45 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு வெப்பமானி கட்டாயம். மாசி பிற்பகுதியிலிருந்து நாலடி உயரத்தில் பனையோலைப் பந்தல் போடுங்கள். ஓலையை மணல்மேல் நேரடியாகப் பரப்பினால் புழுக்கம் கூடும், பூச்சியும் சேரும்.

கேள்வி (கூத்தங்குழி): நாய்தான் பெரிய எதிரி. முள்ளு வெட்டிப் போட்டுப் பாத்தாச்சு.

பதில்: முள் குஞ்சுக்கும் தடை. ஒரு மீட்டர் சதுரக் கம்பிவலை, கண் 8 முதல் 10 சென்டிமீட்டர். கூட்டுக்கு நேர்மேலே, மணலுக்கு அடியில் ஒரு சாண் ஆழத்துக்குள் படுக்கையாகப் புதைத்து, நான்கு மூலையிலும் முளை அடியுங்கள். குஞ்சின் ஓடு சுமார் 4 சென்டிமீட்டர்தான், தாராளமாக நுழைந்து வரும். நாய்க்குத் தோண்ட முடியாது. கோழிக்கூட்டு வலையைப் போட்டுவிடாதீர்கள், கண் சிறியது, குஞ்சு உள்ளேயே சிக்கும். மீன் கழிவைக் கரையில் கொட்டுகிறவரை நாய் வரத்தான் செய்யும்.

கேள்வி (உவரி): கோயில், கோபுரம், ஐமாஸ் லைட்டு எல்லாத்தையும் அணைக்கச் சொல்லுதாங்க. ராத்திரி மூணு மணிக்குக் கடலுக்குப் போறவன் எப்படிப் போவான்?

பதில்: அணைக்கச் சொல்வதைவிடத் திருப்பச் சொல்வது நடக்கிற காரியம். முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சமான, தாழ்ந்த அடிவானத்தை நோக்கி ஓடும். ஆதியிலிருந்து அது கடல்தான். இப்போது ஊர்ப்பக்கம் அதைவிட வெளிச்சமாக இருப்பதால் குஞ்சு ரோட்டுக்கு வந்து சாகிறது. தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் ஏறாமல் திரும்பிவிடும்.

விளக்கு கடற்கரை மணலிலிருந்து பார்த்தால் கண்ணில் படக் கூடாது, அவ்வளவுதான் அளவுகோல். கடல்பக்கம் தகரத் தடுப்பு, உயரத்தைக் குறைப்பது, வெள்ளை எல்இடிக்குப் பதில் 590 நானோமீட்டர் வாக்கில் உள்ள அம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) எல்இடி. ஐமாஸ் என்கிற உயர்கம்ப விளக்கில் கடலைப் பார்த்தவற்றை மட்டும் ஜனவரி முதல் மே வரை இரவு பத்து மணிக்கு மேல் நிறுத்தினால் போதும். மே ஏன் என்றால், ஏப்ரல் தொடக்கத்தில் இட்ட முட்டை பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். படகு தள்ளுகிறவர்களுக்குத் தலையில் கட்டும் சிவப்பு டார்ச். அந்தச் செலவை விளக்கைக் குறைக்கச் சொல்கிறவர் தரட்டும். சொல்பவர் ஒருவர், செலவு வேறொருவர் என்றால் எந்த ஊரிலும் எடுபடாது.

கேள்வி (திசையன்விளை): தைப்பூசத்துக்கு உவரியில ஓலைப்பெட்டியில மண்ணு சுமந்து கொட்டுவோம். அதையும் நிறுத்தணுமா?

பதில்: வேண்டாம். மண் எடுப்பது தண்ணீர் ஓரத்தில், கூடு இருப்பது மேட்டில். கொட்டுகிற இடம் மட்டும் கூட்டின்மேல் ஆகிவிடக் கூடாது. ஒரு முழம் மண் கூடினாலும் அடியில் காற்று குறையும், குஞ்சு மேலே வர முடியாது. பூசத்துக்கு முந்தின நாள் விடியலில் கோயில் எதிரே உள்ள கரையை வனத்துறையினர் ஒரு தடவை நடந்து பார்த்துக் கூடு இருந்தால் மாற்றிவிடட்டும்.

கேள்வி (பெருமணல்): திருக்கை வலையில ஆமை மாட்டுது. செத்த மாதிரி கெடக்கும். தூக்கிக் கடல்ல போட்டுருதோம். சரிதானா?

பதில்: அப்படிப் போட்டால்தான் அது சாகும் அண்ணாச்சி. ஆமைக்கு நுரையீரல். மூழ்கி மயங்கிய ஆமை அசையாமல் கிடக்கும், உயிர் இருக்கும். அந்த நிலையில் தண்ணீரில் விட்டால் தலையைத் தூக்க முடியாமல் மூழ்கிவிடும்.

வயிறு கீழே இருக்கும்படி வையுங்கள். மல்லாத்தக் கூடாது, மார்பை அமுக்கக் கூடாது. பின்பக்கத்தை ஒரு சாண் உயரத்துக்கு வலை மூட்டைமேல் தூக்கி வையுங்கள், நுரையீரல் தண்ணீர் வடியும். ஈரச் சாக்கு போர்த்துங்கள், மூக்கை மூடாமல். நிழலில் குறைந்தது 4 மணி நேரம், தேவைப்பட்டால் 24 மணி நேரம். இடையிடையே கண் ஓரத்தையும் வாலையும் லேசாகத் தொட்டுப் பாருங்கள், சுருக்கினால் உயிர் உண்டு. துடுப்பு அடிக்கத் தொடங்கியதும் எஞ்சினை நியூட்ரலில் வைத்து, வலை இல்லாத பக்கம், தலை முன்னாகத் தண்ணீரில் வழுக்கி விடுங்கள். வலையை அறுக்க நேர்ந்தால் ஆமைமேல் துண்டு நூல்கூட இருக்கக் கூடாது. கழுத்தில் சுற்றிய நூல் பிறகு இறுகும்.

கேள்வி (கூட்டப்புளி): எங்க வலையில மாட்டுறது ஒண்ணு ரெண்டு. கரையில கூட்டமா ஒதுங்குதே, அதுக்கு யார் காரணம்?

பதில்: கூட்டமாக, காயமில்லாமல், கண் பிதுங்கி, கழுத்து வீங்கி ஒதுங்கினால் முதல் சந்தேகம் இழுவைமடி, அதாவது விசைப்படகு இழுத்துப் போகும் பை வலை. மணிக்கணக்கில் தண்ணீருக்குள் இழுபடும் மடிக்குள் ஆமையால் மூச்சுவிட மேலே வர முடியாது. 2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் நூற்றுக்கணக்கில் ஒதுங்கியபோதும் பேச்சு இதைச் சுற்றியே இருந்தது. மடியில் கம்பிக் கிராதி வைத்த ஆமை விலக்கி இருந்தால் இறால் பின்னே போகும், ஆமை மேல் துவாரத்தால் வெளியேறும். மீனும் நழுவுகிறது என்பது விசைப்படகுக்காரர் புகார். கிராதியில் பாசியும் குப்பையும் அடைத்தால் அது உண்மைதான், ஒவ்வொரு இழுப்புக்கும் துடைக்க வேண்டும்.

கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல்தான் தொடங்குகிறது. ஆமை அதிகம் ஏறுவது பிப்ரவரி, மார்ச்சில். அதாவது தடை வரும்போது ஆமை முட்டையிட்டுப் போய்விடுகிறது. அந்த இரண்டு மாதத்தில் கரைக்கு 5 கடல்மைலுக்குள் விசைப்படகு வராமல் பார்த்தாலே பாதிப் பிரச்சினை தீரும். நாட்டுப்படகுக்காரர் கேட்பதும் அதையேதான்! இந்த விஷயத்தில் ஆமையும் நீங்களும் ஒரே கட்சி. மனுவில் இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள்.

கேள்வி (வள்ளியூர்): ஆமை புகுந்த வீடு உருப்படாதும்பாங்களே?

பதில்: ஆமை வீட்டுக்கு வரவில்லை அக்கா, வீடுதான் ஆமை கரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கேள்வி (திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை): பிள்ளைகளைக் குஞ்சு விடுவதைப் பார்க்க அழைத்து வரலாமா? காலை ஒன்பது மணிக்கு வைத்தால் வசதி.

பதில்: வரலாம், ஒன்பது மணிக்கு அல்ல. பொரித்த குஞ்சுக்கு முதல் ஒரு நாள் விடாமல் நீந்தும் வேகம் இருக்கும். விருந்தினர் வரட்டும் என்று தொட்டியில் வைத்திருந்தால் அந்தச் சத்தெல்லாம் தொட்டிச் சுவரை முட்டியே தீர்ந்துவிடும். வெயிலேறிய மணல் சுடும், மேலே காக்கையும் பருந்தும். விடியற்காலை ஐந்தரைக்கு வாருங்கள். தண்ணீருக்குப் பத்து மீட்டர் முன்னே விட்டு, அது தானாக ஊர்ந்து போகட்டும். பிள்ளைகள் குஞ்சுக்குப் பின்னால், ஒரே வரிசையில். கையில் எடுப்பதும் பிளாஷ் அடிப்பதும் வேண்டாம். படகு இழுத்த டிராக்டர் தடம் ஆழமாக இருந்தால் முன்கூட்டியே காலால் மண் தள்ளி மூடச் சொல்லுங்கள். குஞ்சு அந்தப் பள்ளத்தில் விழுந்தால் ஏற முடியாமல் கடலுக்குப் பதில் பக்கவாட்டில் ஓடிக்கொண்டே இருக்கும். பிள்ளைகளுக்குக் கொடுக்க நல்ல வேலை அதுதான்.